நரைமுடி தரித்த கரிகாலனும் டை அடிக்கும் நாமும்

கரிகால் சோழன் சின்ன வயதிலேயே அரசனாகிவிட்டான். வழக்கு கொண்டு வந்த முதியவர்களுக்கோ, இந்தப் பையனுக்கு நியாயம் சொல்லத் தெரியுமா என்று சந்தேகம். அவன் நரைமுடி வைத்துக்கொண்டு கிழவன் வேடத்தில் வந்து தீர்ப்புச் சொன்னானாம். பழமொழி நானூறு சொல்லும் கதை இது.

புறநானூற்றில் பிசிராந்தையார் கதை நேர் எதிர். இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்கிறார்கள். நல்ல மனைவி, மக்கள், நல்ல அரசன், ஊரில் சான்றோர் என்று காரணம் அடுக்குகிறார். ஆக, நரைக்கு மரியாதையும் உண்டு, நரைக்காததற்கு ஆச்சரியமும் உண்டு. நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பது இரண்டாவது கட்சி :-)

நம் ஊரில் அந்தக் காலத்து வழி மருதாணியும் அவுரியும். மருதாணி தனியாகப் போட்டால் செம்பட்டைதான் வரும். அதன்மேல் அவுரி இலைப்பொடி போட்டால்தான் கறுக்கும். பல மணி நேர வேலை. ரோமாபுரியில் ஈயத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசினார்கள்.

இன்றைய டையின் கதை லண்டனில் தொடங்குகிறது. 1856-ல் பெர்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாவுக்கு மருந்து தேடப்போய் ஊதா நிறச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய ஆசிரியர் ஹாஃப்மன் 1863-ல் கண்டறிந்த பொருள்தான் பாரா ஃபினைலின் டையமின், சுருக்கமாக பி.பி.டி. இது நிறமில்லாத சின்ன மூலக்கூறு. முடிக்குள் நுழைந்து, பெராக்சைடோடு சேர்ந்ததும் பெரிதாகி, கறுத்து, வெளியே வரமுடியாமல் உள்ளேயே தங்கிவிடும்.

பாரிஸில் யூஜின் ஷூலர் என்ற இளம் வேதியியலாளர் 1907-ல் முடிச்சாயம் தயாரித்து விற்க ஆரம்பித்தார். 1909-ல் அவர் தொடங்கிய கம்பெனியின் பெயருக்கு அர்த்தம், 'தீங்கில்லா முடிச்சாயங்களின் பிரெஞ்சு நிறுவனம்'. அதுதான் பிறகு லோரியல் ஆனது. 1950-களில் அமெரிக்காவின் கிளைரால், வீட்டிலேயே அடித்துக்கொள்ளும் டையைப் பரப்பியது. அதன் விளம்பரத்தின் சாரம், அடித்திருப்பது யாருக்கும் தெரியாது என்பதே. வெட்கத்தைப் புரிந்துகொண்ட விளம்பரம்!

நம் நாட்டில் இதை எல்லோர் வீட்டுக்கும் கொண்டு சேர்த்தது சாஷே. அந்த சாஷே வியாபாரத்துக்கு வழிகாட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவோடு தொடங்கிய கம்பெனிதான் கெவின்கேர். இண்டிகா டை அவர்களுடையதே.

பாக்கெட் மாறியது, வாசனை மாறியது. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே பி.பி.டி.தான். வடக்கே கடை கடையாகக் கிடைக்கும் 'காலி மெஹந்தி'யை, "இது மருதாணிதான், கெமிக்கல் இல்லை" என்று நம்மவர்கள் ஊருக்கு வாங்கிப்போய் மாமியாருக்கும் கொடுக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கறுப்பாக்கும் மருதாணி உலகத்தில் கிடையாது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

2006-ல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பி.பி.டி.யைத்தான் அறிவித்தது. பத்து வருடம் ஒன்றும் செய்யாத டை, பதினோராவது வருடம் முகத்தை வீங்க வைக்கலாம். காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள் என்று காகிதத்தில் போட்டிருப்பது சும்மா இல்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் வெளுத்த வேர்ப்பகுதிக்கு மட்டும் போட்டால் போதும், ஒவ்வொரு முறையும் தலை முழுக்க வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். இது வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், சிறுநீரகம் கெடும். இதற்கென்று முறிமருந்து கிடையாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஷாம்பு பக்கத்தில் வைக்காதீர்கள். மீந்த பாக்கெட்டைப் பூட்டி வையுங்கள்.

கரிகாலன் நரைமுடியை வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். நம் கறுப்பு அப்படிக் கழற்றக்கூடியது அல்ல.