கட்டி என்று நினைத்தது

1887-இல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி முதுகெலும்பைத் திறந்து, தண்டுவடத்தை அழுத்திய கட்டியை எடுத்தார். கால்கள் செயலிழந்திருந்த நோயாளி மறுபடி நடந்தார். 1934-இல் பாஸ்டனின் மிக்ஸ்டரும் பாரும் எழுதினார்கள்: முதுகிலிருந்து கட்டியென்று வெட்டியெடுத்தவற்றில் பல கட்டியே அல்ல, பிதுங்கிய டிஸ்க். ஊரில் ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்பார்களே, அதுதான். காலுக்கு இறங்கும் வலியின் காரணம் தெளிவானது. நரம்பின் அழுத்தத்தை நீக்கும் அறுவை சிகிச்சை பெருகியது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம், மேசைமேல் கிடக்கும் ஒப்புதல் படிவம். தண்டுவட உறை கிழிந்து நீர் கசியலாம், கிருமி தொற்றலாம், நரம்பு அடிபடலாம், டிஸ்க் திரும்பவும் பிதுங்கலாம். உறை கிழிந்தால் பெரும்பாலும் அங்கேயே தைத்துவிடுவார்கள். நரம்புதான் என்னை யோசிக்க வைக்கிறது. கால்வலி குறைய வாய்ப்பு அதிகம், முதுகுவலிக்கு உறுதி தரமாட்டேன் என்றார் மருத்துவர். எனக்கு இரண்டும் இருக்கிறது. வியாழனுக்குள் கையெழுத்து வேண்டுமாம்.