நெடும்பயண உதிரிப்பாகங்கள்

பணிமனையும் சாமான் கடையும் அருகில் வாய்க்காத மார்க்கங்களில் மோட்டார் சைக்கிளிலோ பாய்மரப் படகிலோ பல நாள் பிரயாணம் செய்வோர், வழியில் யந்திரம் பழுதுற்றால் தாமே மாற்றிப் பூட்டிக்கொள்ளும் பொருட்டு உடன் கொண்டுசெல்லும் பாகங்களும், அவற்றுக்குத் துணையான சில்லறைச் சாமான்களும் நெடும்பயண உதிரிப்பாகங்கள் எனப்படும். பேச்சு வழக்கில் இவை வெறுமனே ‘ஸ்பேர்’ என்றே வழங்கும். கடலோடிகளிடையே இது மிகப் பழைய கலை. தமிழ்நாட்டில் இன்று இதைக் கருத்தோடு பயில்வோர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் லடாக் முதலிய மலைநாடுகளுக்குச் செல்வோரே ஆவர். அவர்கள் ஏறிச் செல்லும் வண்டிகளுள் பல காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகின்றன ஆதலின், இப்பொருளை அவ்வட்டாரத்திலிருந்து தொடங்கி ஆராய்வது பொருந்தும்.

ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த தலமாகிய ஸ்ரீபெரும்புதூர், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவந்தது முதல் ஏரிகளும் வயல்களுமாய் இருந்த இச்சுற்றுவட்டம் வாகனத் தொழிலின் கேந்திரமாக மாறியது. 2010-இல் ரெனோ–நிசான் கூட்டுத் தொழிற்சாலையும், 2012-இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டின் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் ஒரகடத்தில் இயங்கத் தொடங்கின. ராயல் என்ஃபீல்டு 2017-இல் வல்லம் வடகாலில் மற்றொன்றையும் திறந்தது. இத்தொழிற்சாலைகளில் பாகங்களைக் குவித்து வைப்பது சிக்கனக் குறைவாகவே கருதப்படும். இருக்கையும் சக்கரமும் கண்ணாடியும் சுற்றுப்புறத்துச் சிறு ஆலைகளிலிருந்து வேண்டிய நேரத்துக்கு வேண்டிய அளவே வந்து சேர, வந்தது உடனே வண்டியில் ஏறிவிடும். சாலை திறந்திருக்கும் வரை இம்முறைக்கு நிகரில்லை. 2015 டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளத்தில் சாலைகள் மூழ்கியபோதோ இப்பகுதியின் பெரிய ஆலைகள் பலவும் வேலையை நிறுத்த நேர்ந்தது. இங்குள்ள ஆலையிலிருந்து வெளிவரும் வண்டியில் பனிமலைக்குப் போகிறவனுக்கு எல்லா நாளும் அந்த வெள்ள நாளே போன்றது. அவனுக்கு வழங்குநர் எவரும் இல்லை, சேணப்பையில் உள்ளதே அவனது கிடங்கு.

எதை எடுத்துச்செல்வது என்பது காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி ‘என்ஃபீல்டு இந்தியா’ என்னும் ஸ்தாபனத்தை அமைத்து, புல்லட் 350 வண்டியைச் சென்னையில் பூட்டத் தொடங்கின. பின்னர்ப் பாகங்கள் முழுவதும் இந்தியாவிலேயே உற்பத்தியாயின. அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் பல பத்தாண்டுகள் பெரிய மாறுதல் இன்றியே நீடித்தமையால், அதன் பாகம் கிடைக்காத பட்டணமும் அதன் குணம் அறியாத மெக்கானிக்கும் இந்நாட்டில் அரிதாயினர். பயணியின் பையில் அக்காலத்தில் பிரதானமாக இருந்தவை பாயிண்ட் செட், கண்டென்சர், ஸ்பார்க் பிளக், செயின் லாக், ஒரு கேபிள் ஜோடி, ஒரு சுருள் கட்டுக்கம்பி ஆகியவையே. தீப்பொறிக்கான மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது தேய்ந்து மாறினால் வண்டி இருமும், பின்பு நிற்கும். ஆனால் அதை அரம் கொண்டு தேய்த்து, பீலர் கேஜ் வைத்து அளந்து, மரத்தடியிலேயே சரிப்படுத்திவிடலாம். பழுது அடிக்கடி வரும், ஆனால் எளிதில் போகும் என்பதே அவ்வண்டியின் சுபாவம்.

இவ்விடத்தில் கடலிலிருந்து ஒரு நிகழ்ச்சி நினைவுகூரத் தக்கது. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட ‘சுஹைலி’ என்னும் சிறு படகில், 1968 ஜூன் மாதம் புறப்பட்டு 1969 ஏப்ரலில் திரும்பி, 312 நாட்களில் எங்கும் நில்லாமல் தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதரான ராபின் நாக்ஸ்–ஜான்ஸ்டன், மின்கலத்துக்கு மின்னேற்றும் சிறு எஞ்சினின் மேக்னெட்டோ இடைவெளியைச் சரிப்படுத்த முற்பட்டபோது பீலர் கேஜ் கொண்டுவராததை உணர்ந்தார். புத்தகமொன்றின் தாள்களை எண்ணிப் பார்த்து, ஓர் அங்குலக் கனத்துக்கு 200 தாள் வருவதைக் கண்டு, தாள்களையே அளவுகருவியாக நடுவில் செருகி இடைவெளியை நிர்ணயித்தார். உதிரிப்பாகம் மட்டும் இருந்து, அதைப் பூட்டும் கருவியோ அளவோ இல்லாவிடில் அது வெறும் பாரமே. ஆகவே இவ்விஷயத்தில் தேர்ந்தவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் அதற்குரிய ஸ்பானரோடும் ஆலன் கீயோடும் சேர்த்தே ஓர் உருப்படியாக எண்ணுவர். வீட்டு வாசலில் ஒருமுறை தம் கையால் கழற்றிப் பூட்டிப் பாராத எதையும் பையில் வைப்பதில்லை.

தேர்வின் அடிப்படை பாகத்தின் விலையன்று. பழுதாகும் வாய்ப்பு எவ்வளவு, பழுதானால் வண்டி நின்றுவிடுமா அல்லது நொண்டியேனும் நகருமா, சாலையோரத்தில் தன் கையால் மாற்ற இயலுமா, போகும் வழியில் கிடைக்குமா என்னும் விசாரணைகள் நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றைமட்டும் வைத்துத் தீர்மானிப்பவர் பையை வீணே நிரப்புவர். ராயல் என்ஃபீல்டு 2016 மார்ச் மாதத்தில் வெளியிட்ட 411 சி.சி. ஹிமாலயன் வண்டியின் டயர் டியூப் இதற்கு நல்ல உதாரணம். அவ்வண்டியின் பின்சக்கரம் 17 அங்குலம்; இந்நாட்டு மோட்டார் சைக்கிள்களில் அந்த அளவு சாதாரணம் ஆதலின், அதற்கு ஏறக்குறைய ஒத்துவரும் டியூபைச் சிறிய ஊரிலும் தேடிப் பெறலாம். முன்சக்கரமோ 21 அங்குலம், கடைத்தெருவில் அரிதானது. இரண்டிலும் பஞ்சர் ஆகும். பின்சக்கரத்தில்தான் அடிக்கடி ஆகும். ஆயினும் ஒரு டியூபுக்கு மட்டுமே இடம் உண்டென்றால் முன்சக்கரத்து டியூபையே எடுத்துச்செல்வது விவேகம்.

கிளட்ச் கேபிளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பயணிகளின் பட்டியலில் நெடுங்காலமாக முதலிடம் வகிப்பது அதுவே. பல மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்த உள்கம்பி, கைப்பிடி லீவருக்குள் அமரும் குண்டுமுனையின் அருகேதான் பெரும்பாலும் அறும்; அதுவும் ஒரேயடியாக அறுவதில்லை. முதலில் ஓர் இழை பிரிந்து உறைக்குள் உராயும். அப்போது லீவரை அழுத்தும் விரல்களுக்கு மணல் கலந்தாற்போல் ஒரு கரகரப்புத் தெரியும். அடுத்தடுத்து இழைகள் போய், மிஞ்சியவை பாரம் தாங்காமல் ஒரு மேட்டில் தெறிக்கும். கிளட்ச் இன்றியே கியர் மாற்றக் கற்றவர் சமவெளியில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் கூடச் சமாளித்துவிடுவார். பனியுருகிய நீர் குறுக்கே பாயும் ஓடையில், கூழாங்கற்களின் நடுவே, அவ்வித்தை செல்லாது. அதனால் அனுபவசாலிகள் புதிய கேபிளைப் பையில் சுருட்டி வைக்காமல், பழைய கேபிள் போகும் வழியிலேயே அதன் பக்கத்தில் ஓட்டி, இரண்டு முனைகளையும் டேப் சுற்றி மூடிக் கட்டிவிடுவர். பெட்ரோல் டாங்கியைத் தூக்காமலே, விரல் விறைக்கும் குளிரிலும் சில நிமிஷங்களில் மாற்றிக்கொள்ளலாம்.

மணாலியிலிருந்து லே செல்லும் சாலை இத்தகைய தேர்வுக்கெல்லாம் பரீட்சைக் களம். தாண்டி என்னும் இடத்துப் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் பலகை பயணிகளிடையே பிரசித்தம். பெட்ரோலுக்கே இந்நிலை என்றால் பிரேக் பேடுக்குக் கேட்பானேன். அச்சாலை ஏறும் தங்லங் லா கணவாய் 5,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதமே ஆதலால், கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் விகிதம் மிகுந்து, பிளக் கரிபிடித்து, எஞ்சின் மூச்சு வாங்கும். அதற்கென்றே, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் சிறிய துளையுடைய ஒன்றையும் உபரி பிளக் ஒன்றையும் எடுத்துச்சென்றனர். 2017 முதல் ஹிமாலயனில் கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணு முறை வந்து, காற்றழுத்தத்தை உணர்ந்து அளவைத் தானே குறைத்துக்கொண்டது. ஜெட் பட்டியலிலிருந்து நீங்கியது. 2023-இல் வந்த 452 சி.சி. ஹிமாலயனில் ஆக்சிலேட்டர் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பியே இல்லை, மின்சமிக்ஞைதான். ஆக்சிலேட்டர் கேபிளும் நீங்கியது. ஆனால் தண்ணீரால் குளிரும் எஞ்சின் ஆகையால், ரப்பர் குழாயும் அதை இறுக்கும் கிளிப்பும் புதிதாகச் சேர்ந்தன.

பட்டியல் குறுகியது நன்மையே என்று பலர் மகிழ்வர். இக்கட்டுரையாசிரியருக்கு அம்மகிழ்ச்சி அரை மனத்தோடுதான். பழுது அரிதாயிற்று என்பது மெய். வந்த பழுதோ பயணியின் கைக்கு எட்டாத இடத்துக்குச் சென்றுவிட்டது. பெட்ரோல் பம்ப்போ சென்சாரோ மௌனமாகிவிட்டால் அதைக் கண்டுபிடிக்கவே தனிக்கருவி வேண்டும். உபரியாகக் கொண்டுசெல்ல அது விலையேறியது, கொண்டுசென்றாலும் எது கெட்டது என்று சாலையோரத்தில் தெளிவாகாது. அந்நிலையில் பயணியைக் காப்பது லாரியும் டெலிபோனும் கம்பெனியின் சர்வீஸ் நிலையமுமே. 2004 முதல் ராயல் என்ஃபீல்டு நடத்திவரும் ‘ஹிமாலயன் ஒடிசி’ போன்ற கூட்டுப் பயணங்களில் மெக்கானிக்குகளும் சாமான் வண்டியும் பின்தொடர்வது இதனால்தான்.

கடலில் லாரி வாராது. கோவாவில் கட்டப்பட்ட ‘தாரிணி’ என்னும் இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகில் பெண் அதிகாரிகள் அறுவர் 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை உலகைச் சுற்றியபோது, ஃப்ரீமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய நான்கு துறைகளே திட்டத்தில் இருந்தன. திரும்பும் வழியில் சுக்கானை இயக்கும் பொறி பழுதுபட்டதால் மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் ஒதுங்கிச் சீர்செய்ய நேர்ந்தது. இதே படகில் 2024 அக்டோபரில் புறப்பட்டு 2025 மே மாதம் உலகைச் சுற்றி முடித்த இருவருள் ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. படகோட்டிகள் பாகங்களைக் காட்டிலும் மூலப்பொருளையே அதிகம் நம்புவர்: பாய்த்துணி, ஊசி நூல், பலவகைக் கயிறு, இரும்புக் கொக்கி, பிசின், பலகைத் துண்டு. 2022–23-இல் நடந்த, தனியே உலகைச் சுற்றும் ‘கோல்டன் குளோப்’ பாய்மரப் படகுப் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற அபிலாஷ் டோமி, காற்றின் விசையால் தானே திசை காக்கும் கருவி முறிந்தபோது படகுக்குள் கிடைத்த பலகைகளை அறுத்துப் பொருத்திக்கொண்டே பயணத்தைத் தொடர்ந்தார். ஒரு பாகம் ஒரு பழுதைத்தான் தீர்க்கும். ஒரு முழம் கம்பி எதையும் கட்டும். மோட்டார் சைக்கிள்காரரின் பையில் எம்–சீல் என்னும் ஒட்டுக்களிம்பும் இன்சுலேஷன் டேப்பும் பிளாஸ்டிக் கட்டும் இடம்பெறுவது இந்நியாயத்தால்தான். பெட்ரோல் டாங்கி ஒழுகினால் முதலில் சோப்பைத் தேய்த்து அடைப்பது பழைய லாரி டிரைவர்களின் உபாயம், அதுவும் இவ்வகையே.

சென்னையில் பாகங்கள் வாங்குவோர்க்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையும் பழகிய இடங்கள். பெயர் ஒன்றாயினும் ஆண்டுக்கு ஆண்டு பாகத்தின் எண் மாறும் ஆதலின், வண்டியின் சேசிஸ் எண்ணைக் கூறி வாங்குவதே முறை. உறையில் எண் சரியாக இருந்து உள்ளே பொருள் மாறியிருப்பதும் உண்டு. இதற்குப் பரிகாரமாக ஒரு வழக்கம் நிலவுகிறது: வாங்கிய புதுக் கேபிளையும் பிரேக் பேடையும் வண்டியில் பூட்டிச் சில நாள் ஓட்டிவிட்டு, நல்ல நிலையில் கழற்றிய பழையதையே உபரியாகக் கட்டிக்கொள்வர். புதியது பொருந்துகிறது என்பதும் பழையது பொருந்தும் என்பதும் இதனால் ஒருங்கே ருசுவாகும்.

ஸ்பேர்களுக்கும் ஆயுள் உண்டு. டியூபை டால்கம் பவுடர் தூவி, துணியில் சுற்றி வைக்காவிடில் ஸ்பானரின் விளிம்பு உரசியே அதில் ஓட்டை விழும். பஞ்சர் ஒட்டும் பசை, டப்பாவை ஒருமுறை திறந்துவிட்டால் சில மாதங்களில் உலர்ந்துபோம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது ஆதலால் திறந்த டப்பாவில் எஞ்சியதை மறு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாகாது. எம்–சீலின் இரண்டு களிம்புகளும் தனித்தனி உறையில் இருப்பினும், பல ஆண்டு கிடந்தால் இறுகிப் பிசைய வாராது. ஆகவே சேணப்பையைப் பரணில் ஏற்றுமுன் ரப்பரையும் பசையையும் வெளியே எடுத்துவிட்டு, இரும்புச் சாமான்களுக்கு எண்ணெய் தடவி வைப்பர்.