பாரசீக எண்ணெயும் முதியவர் ஒருவரின் தூதும்

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த சரித்திரத்திலே பாரசீகம் மரதன் போர்க்களத்தோடு மறைந்துவிடும். வேதாகம வகுப்பிலே கோரேசு மன்னன் ஒருமுறை தலைகாட்டுவான், அவ்வளவுதான். சென்ற நூற்றாண்டிலே வல்லரசுகள் மூன்று அந்நாட்டின் வாசலில் வந்து நின்ற கதை நம்மிற் பலருக்குத் தெரியாது. நிலத்தின் கீழ்ச் செல்வமும் நிலத்தின் மேல் வறுமையும் கொண்ட நாடொன்று, பெரியவர்களிடையே அகப்பட்டு மூச்சுவிட்ட விதத்தை அறிய விரும்புவோர் 1946ஆம் ஆண்டின் ஈரானைப் பார்த்தல் வேண்டும்.

1901இல் டார்சி என்னும் ஆங்கிலேயர் பாரசீக மன்னரிடம் எண்ணெய் அகழும் உரிமையைப் பெற்றார். 1907இல் பிரித்தானியாவும் ருஷியாவும், வடக்கு உனக்கு, தென்கிழக்கு எனக்கு என்று அந்நாட்டைச் செல்வாக்கு வட்டாரங்களாகப் பங்கிட்டுக் கொண்டன. வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டாரில்லை! அடுத்த ஆண்டு மஸ்ஜித் இ சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய காலம் அது. ஆகவே 1914இல், கடற்படைக்குப் பொறுப்பாயிருந்த சேர்ச்சிலின் முயற்சியால், பிரித்தானிய அரசாங்கமே அக்கம்பனியின் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. 1941 ஆகஸ்டில் தெற்கே பிரித்தானியப் படையும் வடக்கே சோவியத் படையும் நுழைந்தன. யுத்தம் முடிந்து ஆறு மாதத்துக்குள் வெளியேறுவோம் என 1942இல் இருவரும் உடன்படிக்கை எழுதிக் கொடுத்தனர். அந்தத் தவணை 1946 மார்ச் 2ஆந் தேதி முடிந்தது. பிரித்தானியர் போயினர். செஞ்சேனை போகவில்லை. ருஷியர் வட ஈரானின் எண்ணெயை 1944இலேயே கேட்டிருந்தனர். அப்போது மொசாடெக் என்னும் உறுப்பினர், பாராளுமன்றத்தைக் கேளாமல் எந்த மந்திரியும் எண்ணெய் உரிமை பற்றிப் பேசலாகாது என்று ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தார். அச் சிறு சட்டத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் நலம்.

1946 ஜனவரியில் பிரதமரானவர் கவாம் உஸ் ஸல்தனா. எழுபது வயதளவான பிரபு, அழகிய கையெழுத்துக்காரர். 1906இல் பாரசீகத்துக்கு அரசியலமைப்பு வழங்கிய அரச கட்டளை அவர் கைப்பட எழுதியதே. அவர் மொஸ்கோவுக்குச் சென்று ஸ்டாலினோடும் மொலட்டோவோடும் பேசினார். வெறுங்கையோடு திரும்பினார் என்றே பலரும் நினைத்தனர். ஆனால், ஏப்ரில் 4ஆந் தேதி தெகிரானில் சோவியத் தூதுவரோடு உடன்பாடு ஒன்று எழுதினார். படை வெளியேறும், வட எண்ணெய்க்குக் கூட்டுக் கம்பனி அமையும், முதல் 25 ஆண்டுக்கு ருஷியருக்கு நூற்றுக்கு 51 பங்கு. ஒரு நிபந்தனை: பாராளுமன்றம் அங்கீகரித்தல் வேண்டும்.

பாராளுமன்றமோ அப்போது இல்லை! அதன் காலம் மார்ச்சில் முடிந்துவிட்டது. அந்நியப் படை மண்ணில் நிற்கும்வரை தேர்தல் நடத்தலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். எண்ணெய் வேண்டுமா, பாராளுமன்றம் வேண்டும். பாராளுமன்றம் வேண்டுமா, படை போகவேண்டும். அக்காலத்தே வோஷிங்டனிலிருந்த ஈரானியத் தூதுவர் ஹுசேன் ஆலா, புதிதாய்ப் பிறந்த பாதுகாப்புச் சபையிலே முறையிட்டு நின்றார். மார்ச் 27இல் குரோமிக்கோ சபையை விட்டு எழுந்து போனார். கவாம் மொஸ்கோவைப் பார்த்து முறுவலித்தார். நியூயோர்க்கில் ஆலா உரத்துப் பேசினார். மே மாதத்திற் படை வெளியேறியது.

தாம் ஸ்டாலினுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியதாக ட்ரூமன் பிற்காலத்திற் கூறிக்கொண்டார். அப்படியொரு பத்திரம் இதுவரை கண்டெடுக்கப்படவில்லை. அமெரிக்காவின் நிழல் உதவியது உண்மையே. எனினும் வழியைத் திறந்த சாவி கவாமின் பையிலேதான் இருந்தது என்பது நம் கருத்து.

1947 ஒக்டோபர் 22இல் புதிய பாராளுமன்றம் கூடி, அவ்வுடன்பாட்டை 102க்கு 2 என்ற வாக்கினால் நிராகரித்தது. மொசாடெக்கின் சட்டமே அதற்குக் காரணமாய்க் காட்டப்பட்டது. இது வஞ்சகம் அன்றோ என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். நிபந்தனை தாளிலே தெளிவாய் எழுதப்பட்டிருந்தது. படியாமற் கையொப்பமிட்டவன் பின்னர் ஏமாந்தேன் என்றால் என்ன சொல்வது?

ஆனால், வேறொன்று நம்மை உறுத்துகிறது. சோவியத் நிழலில் தப்ரீஸ் நகரிலே அஸர்பைஜானியரும், மகாபாதிலே குர்தியரும் தத்தம் ஆட்சியை அமைத்திருந்தனர். அந்நியர் ஊட்டி வளர்த்த ஆட்சிகள்தாம். எனினும் தாய்மொழியிற் பள்ளியும் காரியாலயமும் வேண்டும் என்ற ஆசையை மொஸ்கோ கற்பித்ததில்லை. 1946 டிசம்பரில் ஈரானியப் படை உள்ளே புகுந்தது. அப்பள்ளிகள் முடிந்தன, பலர் மாண்டனர். குர்தியத் தலைவர் காஸி முகமது 1947 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். கவாமின் சாதுரியத்தைப் புகழும் நூல்கள் இவ்விடத்தை விரைவாகக் கடந்து செல்கின்றன.

ருஷியருக்கு இல்லை என்ற அதே தீர்மானம், தெற்கே பிரித்தானியரிடமுள்ள எண்ணெயிலும் நாட்டின் உரிமையை மீட்கும்படி அரசைப் பணித்தது. ஈரான் பெற்ற பங்கினும் பிரித்தானியத் திறைசேரி அக்கம்பனியிடம் பெற்ற வரி பெரிதாயிருந்த காலம் அது! 1951இல் மொசாடெக் பிரதமராகி எண்ணெயைத் தேசியமயமாக்கினார். 1952 யூலையில் அவர் பதவி துறந்ததும் மன்னர் கவாமையே மீண்டும் அழைத்தபோது, மக்கள் தெருவில் இறங்கினர். முதியவர் சில நாட்களிலேயே பதவி துறந்து ஒளிந்தார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரித்தானிய உளவுத்துறைகளின் துணையோடு மொசாடெக் வீழ்த்தப்பட்டார். அடுத்த ஆண்டு எண்ணெய் புதியதொரு கூட்டிடம் சென்றது: பழைய பிரித்தானியக் கம்பனிக்கு நூற்றுக்கு 40, அமெரிக்கக் கம்பனிகளுக்கு 40, எஞ்சியது ஒல்லாந்த, பிரெஞ்சுக் கம்பனிகளுக்கு.