கோழையும் எச்சிலும்

மருத்துவ வரலாற்றை எழுதியவர்கள் நுண்ணோக்கியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதன் கீழே வைக்கப்படும் பொருளை யார் கொண்டுவந்தார், கொண்டுவரும்படி அவரிடம் எவ்வாறு சொல்லப்பட்டது என்பதை எழுதியவர்கள் சொற்பம். காசநோயின் வரலாற்றில் இது சிறிய விடுபடல் அல்ல.

1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். கூட்டத்தில் இருந்த பால் எர்லிக் சில வாரங்களிலேயே அக்கிருமிக்குச் சாயமேற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஒருமுறை ஏறிய சாயத்தை அமிலம் ஊற்றினாலும் விடாத பிடிவாதம் இக்கிருமிக்கு உண்டு. அந்தக் குணத்தைக் கொண்டே ஸீல், நீல்சன் என்ற இருவரும் அம்முறையை மேலும் திருத்தினர். நீலப் பின்புலத்தில் சிவந்த சிறு குச்சிகளாகக் கிருமி தெரியும் அந்தக் காட்சி, அடுத்த நூறாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் நோயை உறுதிசெய்யும் முதன்மைச் சான்றாக இருந்தது. எர்லிக்கே பின்னர் தம் கோழையில் அக்கிருமியைக் கண்டு, ஓய்வுக்காக எகிப்து சென்றார்.

எர்லிக்குக்கு எதைத் துப்ப வேண்டும் என்று எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. சாதாரண நோயாளியின் நிலை வேறு. ஒரு மில்லிலிட்டர் கோழையில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் அவை கண்ணுக்குப் படும். அத்தகைய கோழை நுரையீரலின் ஆழத்திலிருந்து இருமி வரவழைக்கப்பட வேண்டியது. வாயில் ஊறும் எச்சிலில் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. எச்சிலைப் பரிசோதித்து 'கிருமி இல்லை' என்று எழுதப்படும் முடிவு ஆய்வுக்கூடத்தைப் பொறுத்தவரை பிழையற்றது. நோயாளியைப் பொறுத்தவரை ஆபத்தானது. அவர் நோயோடு வீடு திரும்புகிறார்.

கோழை, மறைக்க வேண்டிய பொருளாகவும் இருந்தது. 1889இல் ஜெர்மானிய மருத்துவர் பீட்டர் டெட்வைலர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத்தக்க நீலக் கண்ணாடிக் குப்பி ஒன்றை அறிமுகப்படுத்தினார். கண்ட இடத்தில் துப்பாமல் அதில் துப்பி மூடிக்கொள்ளலாம். 'நீல ஹென்ரி' என்று நோயாளிகள் அதற்குச் செல்லப்பெயர் வைத்தனர். தாமஸ் மன் 1924இல் வெளியிட்ட 'மேஜிக் மவுண்டன்' நாவலைப் படித்தவர்கள் அந்தக் குப்பியை அங்கே சந்தித்திருப்பார்கள். தொற்றைத் தடுக்கும் நோக்கம் அதில் இருந்தது. பிறர் முன்னிலையில் துப்புவதன் கூச்சமும் அதோடு கலந்திருந்தது.

அந்தக் கதையில் சென்னைக்கும் இடமுண்டு. 1956இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து உண்பவர்களும் சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்களும் ஏறக்குறைய ஒரேபோலக் குணமடைகிறார்கள் என்று 1959இல் நிறுவியது. சானடோரிய யுகத்தை முடித்துவைத்த ஆய்வுகளில் அது தலையாயது. அந்த முடிவு நோயாளிகள் தொடர்ந்து கொடுத்த கோழையின் மீது நின்றது. மருந்து உண்டார்களா என்றறிய அவர்களது சிறுநீரும் சோதிக்கப்பட்டது. சென்னையின் ஏழைக் குடும்பங்கள் மாதங்கணக்கில் அதற்கு ஒத்துழைத்தன. உலகம் முழுவதும் சிகிச்சை முறை மாறியதில் அவர்களுக்கும் பங்குண்டு.

எனினும், 'எப்படித் துப்பச் சொல்கிறோம்' என்ற கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டு அளந்து பார்த்த முக்கியமான ஆய்வு பின்னர்தான் வந்தது. பல நாடுகளில் காசநோய் கண்டறியப்பட்டோர் பட்டியலில் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாக இருந்தனர். பெண்களுக்கு நோய் குறைவா, அவர்கள் மருத்துவமனைக்கு வருவது குறைவா என்று விவாதங்கள் நடந்தன. 2005ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஒரு காசநோய் மையத்துக்கு வந்த 1,494 பெண்களும் 1,561 ஆண்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல டப்பா மட்டும் தரப்பட்டது. மறு பிரிவினருக்கு நல்ல கோழையை எவ்வாறு வரவழைப்பது என்று விளக்கப்பட்டது.

2007இல் 'லான்செட்' இதழ் அதன் முடிவை வெளியிட்டது. விளக்கம் பெறாத பெண்களில் 58 பேரிடம், அதாவது 8 விழுக்காட்டினரிடம், கிருமி காணப்பட்டது. விளக்கம் பெற்ற பெண்களில் அது 95 பேர், 13 விழுக்காடு. எச்சிலைக் கொடுத்தவர்கள் குறைந்தனர். மறுநாள் அதிகாலைக் கோழையோடு திரும்பி வந்த பெண்கள் கூடினர். ஆண்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புதிய மருந்தோ புதிய கருவியோ அங்கே வரவில்லை. வந்தவை சில வாக்கியங்கள் மட்டுமே. அவை இல்லாமற் போனதால் அதற்கு முன் எத்தனை பெண்கள் 'நோயில்லை' என்ற சீட்டோடு வீடு திரும்பியிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு மொழி சார்ந்த ஒரு முகமும் உண்டு. பேச்சுவழக்கில் 'சளி' என்றால் மூக்கில் ஒழுகுவதும் சளிதான், நெஞ்சில் கட்டியிருப்பதும் சளிதான். 'கோழை' என்பது துல்லியமான சொல். ஆனால் பலருக்கு அது பயந்தவனைக் குறிக்கும் சொல்லாகவே பழகியிருக்கிறது. எனவே ஒற்றைச் சொல்லை நம்பிப் பயனில்லை. வாயை நீரால் கொப்பளியுங்கள், இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து விடுங்கள், நெஞ்சின் அடியிலிருந்து இருமுங்கள், திறந்தவெளியில் ஆளில்லாத இடத்தில் துப்புங்கள், டப்பாவின் உட்புறத்தைத் தொடாமல் இறுக மூடுங்கள் என்று செயல்களாகவே சொல்ல வேண்டும். இருமிக் காட்டவும் வேண்டியிருக்கலாம். தனியிடம் ஒன்றைக் காட்டிவிடுவதும் அறிவுரையின் பகுதியே.

இன்று மரபணுவைக் கொண்டு கிருமியைக் கண்டறியும் கருவிகள் நம் மாவட்ட மருத்துவமனைகள் வரை வந்துவிட்டன. நுண்ணோக்கிக்குத் தப்பியதை அவை பிடிக்கின்றன. எனினும் அவற்றுக்கும் ஒரு மனிதர் தன் நெஞ்சிலிருந்து கொண்டுவந்து தரும் பொருள் தேவை. காக்கின் பெயரும் எர்லிக்கின் பெயரும் பாடநூல்களில் இருக்கின்றன. கையில் டப்பாவைக் கொடுத்து, முகம் பார்த்து, 'புரிந்ததா அம்மா?' என்று ஒருமுறை கூடுதலாகக் கேட்ட ஊழியரின் பெயர் எங்கும் இல்லை. ராவல்பிண்டியின் அந்தக் கணக்கு அவர்களுக்கும் உரியது.