மெலிந்த உடலும் நோய்க்குறியும்: மாமல்லபுரப் பாறை முதல் மருத்துவர் அறை வரை

உணவை மறுத்து உடலை உருக்கிக்கொண்டவர்களின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் ருடால்ஃப் பெல் 1985இல் வெளியிட்ட ‘புனித அனோரெக்சியா’ பற்றிய நூலைக் கடந்துதான் போக வேண்டும். 1200ஆம் ஆண்டுக்குப் பின் இத்தாலியில் வாழ்ந்து, திருச்சபையின் ஏற்பைப் பெற்ற 261 பெண்களை அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். மூன்றில் ஒரு பங்கினரைப் பற்றிப் போதிய சான்று இல்லை. எஞ்சிய ஏறத்தாழ 170 பேரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அனோரெக்சியாவின் அறிகுறிகள் தெளிவாகத் தெரிகின்றன என்பது அவர் முடிவு. அவருடைய முதன்மைச் சான்று சியன்னா நகரத்துக் கத்தரீன். வீட்டார் மணம் பேசியபோது கூந்தலை வெட்டிக்கொண்டவர். படிப்படியாக உணவைக் குறைத்து, 1380இல் 33 வயதில் இறந்தவர்.

பெல் அவசரக்காரர் அல்லர். அன்றைய பெண் புனிதத்தை நாடினாள், இன்றைய பெண் ஒல்லியான உடலை நாடுகிறாள். ஆனால் இருவரையும் செலுத்துவது ஒரே போராட்டம், தந்தையும் கணவனும் குருவும் ஆளும் உலகில் தன் உடலையாவது தானே ஆள்வது. இதுவே அவர் வாதத்தின் சாரம். படிக்கையில் ஈர்க்கிறது. ஆனால் அதன் அடித்தளத்தில் ஓர் எடுகோள் இருக்கிறது: வெளிக்குறிகள் ஒத்திருந்தால் உள்ளே நடப்பதும் ஒத்திருக்கும். கரோலின் வாக்கர் பைனம் 1987இல் இதை வேறொரு பக்கத்திலிருந்து அசைத்தார். இடைக்காலப் பெண்களுக்கு உணவு மறுக்கும் பொருளாக இருந்ததைவிடப் பிறருக்கு ஊட்டும் பொருளாகவே மிகுதியும் இருந்தது என்று காட்டினார். தமிழ்ச் சான்றுகள் பெல்லை இதைவிடக் கடுமையாகச் சோதிக்கின்றன.

அவருடைய சட்டகத்துக்குப் பொருந்தி வருவார் என்று முதலில் தோன்றுபவர் காரைக்கால் அம்மையார். மண வாழ்வு முறிகிறது, அழகு துறக்கப்படுகிறது, எலும்புருவம் எஞ்சுகிறது. வற்றிய முலையும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறுமாகப் பேயுருவைத் திருவாலங்காட்டுப் பதிகங்கள் வருணிக்கின்றன. பாடியவரும் தம்மைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். இவ்வளவு பொருத்தத்துக்குப் பிறகும் ஒன்று குறைகிறது: அம்மையார் பட்டினி கிடந்ததாகச் சேக்கிழார் எங்கும் சொல்லவில்லை. கணவனுக்காகத் தாங்கிய தசைப்பொதி கழிய வேண்டுமென்று அவர் இறைவனிடம் வேண்டுகிறார். அது அக்கணமே கழிகிறது. கதையில் உணவு வரும் இடம் மாங்கனி. அங்கேயும் புனிதவதி (அம்மையாரின் இயற்பெயர்) பசித்து வந்த அடியாருக்குப் படைக்கிறார், கணவன் பரமதத்தனுக்குப் பரிமாறுகிறார். பைனம் சொன்ன ஊட்டும் பெண்ணை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அம்மையாரை ஆறாம் நூற்றாண்டில் வைப்பதா, சற்று முன்னரா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. சேக்கிழாரோ பன்னிரண்டாம் நூற்றாண்டினர். இவ்வளவு இடைவெளியைக் கடந்து வந்த ஒரு வாழ்க்கை வரலாற்றில் உளநோயின் தடம் தேடுவது கானல்நீரில் மீன் பிடிக்கும் வேலை.

உண்ணாமல் இறந்தவர்களின் பதிவு வேறிடத்தில் இருக்கிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர் வரிசை செதுக்கப்பட்ட பாறையின் அருகே, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த இடம் இது என்கிறது ஒரு கல்வெட்டு. தமிழ்ப் பிராமியிலிருந்து வட்டெழுத்து உருவாகும் நிலையைக் காட்டுவதால் எழுத்தாய்வாளர்கள் இதைப் பலமுறை அலசிவிட்டார்கள். காலம் ஐந்தாம் நூற்றாண்டா ஆறா என்பது இன்னும் முடிவாகவில்லை. எழுத்தைப் பார்த்த அளவுக்கு அது எதைச் சொல்கிறது, எதை விடுகிறது என்பதை யாரும் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. அதில் இருப்பவை ஒரு பெயர், ஒரு தகுதி, நாள் கணக்கு, இடம். உடல் மெலிந்ததா, வலித்ததா, மனம் எப்படி இருந்தது என்று ஒரு சொல் கிடையாது. அதே குன்றில், பல நூற்றாண்டு பிந்திய எழுத்தில், 30 நாள் நோன்பிருந்த இளைய பட்டாரர் பதிவாகியிருக்கிறார். இடையில் அரசுகள் மாறின, எழுத்து மாறியது. பதிவின் வடிவம் மாறவில்லை.

யாரோ நாட்களை எண்ணியிருக்கிறார்கள், யாரோ அருகில் இருந்திருக்கிறார்கள், யாரோ கல்லில் வெட்டச் செய்திருக்கிறார்கள். சல்லேகனை எனும் இந்தச் சமண உண்ணாநோன்பு ஊரறிய, சங்கத்தின் இசைவோடு நடப்பது. தீராத பஞ்சம், முதுமை, மருந்தில்லா நோய் போன்ற நிலைகளில்தான் அதை மேற்கொள்ளலாம் என்று சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் வரையறுக்கிறது. அனோரெக்சியா மறைவில் வளர்வது. தட்டிலிருக்கும் சோறு யாரும் பார்க்காதபோது குப்பைக்குப் போகும்; சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்லப்படும்; தளர்ந்த ஆடைக்குள் உடல் ஒளிக்கப்படும். இரண்டிலும் உண்ணாமை உண்டு, சாவும் நேரலாம். பெல்லின் அளவுகோல் இவற்றைப் பிரித்துக் காட்டாது.

மாமல்லபுரத்துப் பெரும்பாறை இந்த இடத்தில் முக்கியமாகிறது. ஊரார் அர்ச்சுனன் தபசு என்பார்கள். 1914இல் விக்டர் கொலூபேவ் இது கங்கை இறங்கும் காட்சி, தவம் செய்பவன் பகீரதன் என்றார், பாறை உச்சியிலுள்ள நீர்த்தொட்டியைச் சுட்டி ழுவோ துப்ராய் துணைநின்றார், டி. என். இராமச்சந்திரன் மீண்டும் அர்ச்சுனனுக்காக வாதாடினார். இரண்டையும் ஒருசேர ஏற்க இடமிருப்பதே சிற்பத்தின் நோக்கம் என்று பத்மா கைமல் 1994இல் எழுதினார். காலமும் வழக்கில் இருக்கிறது: முதலாம் நரசிம்மவர்மன் என்பது பழைய கருத்து, எல்லாமே இராசசிம்மன் பணி என்றார் இரா. நாகசாமி 1962இல். என் வாதத்துக்கு இவற்றில் எதையும் தீர்க்கத் தேவையில்லை. தவசி யாராயினும் ஒற்றைக் காலில் நிற்கிறான், கைகள் தலைக்குமேல், விலா எலும்பு ஒவ்வொன்றும் தோலுக்கு அடியில் தெரிகிறது. பட்டினி உடலை எப்படி அரிக்கும் என்று சிற்பிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் பூதகணங்கள் சூழ வரம் தரும் கையோடு சிவன். அந்த எலும்புகள் அங்கே வரத்துக்கான விலை.

பாறைப் பிளவுக்கு மறுபக்கம், யானைகளுக்கு அருகே, அதே தோற்றத்தில் ஒரு பூனை. பின்கால்களில் நின்று முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறது, சுற்றிலும் எலிகள். மகாபாரத உத்தியோக பருவத்தில் வரும் கதை இது: கங்கைக்கரையில் தவவேடம் பூண்ட பூனை, நம்பி வந்த எலிகளைத் தின்று கொழுக்கிறது. இதை வெறும் வேடிக்கை என்று கடப்பதே வழக்கம். கதையே பூனையைக் கைதூக்க வைக்கும்போது சிற்பி செய்வதற்கு வேறென்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எத்தனையோ கதைகள் இருக்க, தவத்தின் உச்சத்தைக் காட்டும் அதே பாறையில் இந்தக் கதையைத் தேர்ந்தது சிற்பியோ அவரை ஏவியவரோதான். ஒரே நிலை இரு உடல்களில். ஒன்றில் நோன்பு, ஒன்றில் விருந்து. நிற்கும் தோற்றத்தை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்லிவிட முடியாது என்று பல்லவர் காலத்திலேயே ஒருவர் கல்லில் வாதிட்டிருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மெய்ப்பிக்க முடியாது, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. கதையில் எலிகள் உண்மையைக் கண்டுபிடிக்கும் வழியையும் பாருங்கள்: கிழங்கும் கனியும் தின்பவனின் மலத்தில் மயிர் ஏது என்று கேட்கின்றன. பெல்லைவிட நல்ல மருத்துவர்கள்.

1873இல் பாரிசில் லசேக்கும் லண்டனில் வில்லியம் கல்லும் அனோரெக்சியாவை ஒரு நோயாகத் தனித்தனியே விவரித்தார்கள். தமிழ்நாட்டில் அது ஆய்வுக்கட்டுரையாக வர ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு ஆயிற்று. டி. என். சீனிவாசன், டி. ஆர். சுரேஷ் முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு சென்னையில் 210 மருத்துவ மாணவர்களைச் சோதித்தது. முழுமையான நோய் என்று சொல்ல முடியாத, ஆனால் உணவோடு மல்லுக்கு நிற்கும் நிலை 14.8 விழுக்காட்டினரிடம் இருந்தது. அதற்கு ‘உண்ணல் இடர்’ எனும் பொருளில் அவர்கள் தனிப்பெயர் வைத்தார்கள். மூன்றாண்டு முன்னர், 1995இல், காண்டேல்வால், சரண், சக்சேனா மூவரும் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஐவரும் உண்ண மறுத்தார்கள், எடை இழந்தார்கள். ஆனால் பருத்துவிடுவோம் என்ற அச்சமோ தன் உடலைத் தவறாகக் காணும் கோளாறோ அவர்களிடம் தென்படவில்லை. ஹாங்காங்கில் சிங் லீ கண்டதும் இதையே: வயிறு உப்புகிறது, பசி எடுக்கவில்லை என்றே பலர் சொன்னார்கள்.

பெல்லின் பிழை இங்கே தலைகீழாகத் திரும்பி வந்தது. அவர் குறிகள் ஒத்ததைக் கண்டு ஒரே நோய் என்றார். உளநோய்களை வரையறுக்கும் 1994ஆம் ஆண்டு அமெரிக்கக் கையேடோ அச்சம் என்ற ஒரு குறி இல்லாதவர்களை வெளியே நிறுத்தியது. கல்பாக்கத்துப் பக்கம் ஒரு குடும்பம் மெலிந்துபோன மகளை முதலில் அழைத்துப்போவது வயிற்று வைத்தியரிடம். அவளும் ‘பசிக்கல, சாப்பிட்டா குமட்டுது’ என்பாள், ‘குண்டாயிடுவேன்’ என்று சொல்ல மாட்டாள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சிறார், பதின்பருவத்தினரிடையே நடந்து 2007இல் வெளியான ஆய்வில் உணவுக் கோளாறுடையோர் 41 பேர். அவர்களில் 85 விழுக்காட்டினருக்கு இருந்தது உளக்காரணத்தால் வரும் வாந்தி. காரணம் பிடிபடாதவரை ஆபத்து காத்திருக்காது: நாடி தளரும், உடல் குளிரும், இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறும். நெடுநாள் பட்டினிக்குப்பின் திடீரென நிறைய ஊட்டினால் பாஸ்பேட் சரிந்து உயிரே போகலாம். அதனால்தான் மீட்புணவை மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகக் கூட்டுகிறார்கள்.

2013இல் வந்த அக்கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இரண்டு மாற்றங்களைச் செய்தது. அச்சத்தை வாயால் சொல்லாவிட்டாலும், எடை கூடுவதைத் தடுக்கும் நடத்தை விடாது தொடர்ந்தால் அதையும் அனோரெக்சியாவாகக் கொள்ளலாம் என்றது. உடலமைப்பைப் பற்றிய கவலையே இல்லாமல் உணவைத் தவிர்ப்போருக்கு வேறொரு வகையைப் புதிதாக வகுத்தது. 1995ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஐவரை இன்று இவற்றில் எதில் சேர்ப்பது? அச்சமில்லை என்பதை அவர்களின் சொல்லிலிருந்து முடிவு செய்தார்களா, நடத்தையிலிருந்தா என்பதைப் பொறுத்து விடை மாறும்.