சுண்ணாம்பை விட்டுவிட்டு வந்த சோளம்



டெக்சாஸில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, 'சோபே' என்ற மெக்சிகோ பலகாரத்தின் படத்தை அனுப்பி, "செய்து பாருங்க டீச்சர்" என்றாள். உள்ளங்கை அளவு மக்காச்சோள ரொட்டி. ஓரத்தை அகல் விளக்குபோல் கிள்ளி உயர்த்தி, நடுவில் மசித்த பீன்ஸ், தக்காளி மிளகாய்ச் சட்னி, பாலாடைக்கட்டி வைத்திருந்தார்கள்.

கடையில் மக்காச்சோள மாவு வாங்கி வெந்நீர் விட்டுப் பிசைந்தேன். தட்டத் தட்ட விண்டுபோனது. அவளிடம் கேட்டேன். "அந்த மாவு வேற டீச்சர். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைக்கணும்" என்றாள். வெற்றிலைக்குப் போடுகிறோமே, அந்தச் சுண்ணாம்பேதான்! ஏன் என்று தேடிப் படித்தேன்.

மக்காச்சோளத்தைக் காட்டுப்புல்லிலிருந்து பயிராக்கியவர்கள் மெக்சிகோவின் பூர்வகுடிகள். சுமார் 9000 ஆண்டுகளுக்கு முந்தைய கதை அது. அந்த நாட்டுப் பெண்கள் சோளத்தைச் சாம்பல் அல்லது சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் தோல் போகக் கழுவி, கல்லில் அரைத்தார்கள். இதற்கு 'நிக்ஸ்தமால்' என்று பெயர். அவர்களின் நாவாட்ல் மொழியில் 'நெக்ஸ்த்லி' என்றால் சாம்பல். இப்படிச் செய்தால்தான் மாவு ஒட்டும், ரொட்டி தட்ட வரும்.

1521-இல் ஸ்பானியர்கள் அஸ்டெக் தலைநகரைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே சோளம் கப்பலேறி ஐரோப்பா போயிருந்தது. சுண்ணாம்புப் பக்குவம் போகவில்லை. நல்ல ஆலை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் உண்டு. ஆனால் அது கட்டுண்டு கிடப்பதால் உடம்பில் சேராது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. இது தெரியாமல் வெறும் சோளக் கூழையே மூன்று வேளையும் குடித்த ஏழைகளுக்கு ஒரு நோய் வந்தது. தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி பேதலிக்கும், கடைசியில் மரணம். 1735-இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் இதைக் கண்டு எழுதி வைத்தார். இத்தாலியில் இதற்கு 'பெல்லாக்ரா' என்று பெயர் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914-இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், அநாதை இல்லக் குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் கொடுத்து நோயை விரட்டிக் காட்டினார். அப்போதும் பலர் ஏற்கவில்லை. நியாசின்தான் மருந்து என்பது 1937-இல்தான் தெரிந்தது. அதற்குள் கோல்ட்பெர்கர் இறந்து 8 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வகுப்பில் "மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்தது" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்த ஒரு வரியோடு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். விட்டுப்போன மீதிப் பாடத்தை இன்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஊருக்கு வந்தவள் 'மாசா ஹரினா' பாக்கெட் கொண்டுவந்தாள். சுண்ணாம்பில் பக்குவப்படுத்திக் காயவைத்து அரைத்த மாவு. இரண்டு கப் மாவு, ஒன்றரைக் கப் வெதுவெதுப்பான நீர், உப்பு. பிசைந்து கால் மணி நேரம் மூடி வைத்தேன். எலுமிச்சை அளவு உருட்டி, அடைபோல் சற்றுக் கனமாகத் தட்டி, காய்ந்த தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டினேன். சூடு பொறுக்கும் பதத்தில் ஓரத்தைக் கிள்ளிவிட்டு, எண்ணெய் தொட்டு மறுபடி முறுகவிட்டேன். ஒன்றுகூட விண்டுபோகவில்லை!

பிள்ளைகளே, யாரிடமாவது ஒரு பொருளை வாங்கினால், அதன் பக்குவத்தையும் கேட்டு வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி "இப்படித்தான் செய்யணும்" என்றால், காரணம் புரியவில்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் பாட்டி அப்படிச் சொன்ன பக்குவம் ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்