எங்கும் இருத்தல்: ஓர் ஆங்கிலப் பெயரடையின் வரலாறு

ஆங்கில நூல்களைப் பயிலும் மாணவர் 'யுபிக்குயிற்றஸ்' என்னும் பெயரடையை அடிக்கடி எதிர்கொள்வர். எங்கணும் காணப்படுவது, ஒரே வேளையில் பல இடங்களிலும் இருப்பது போலத் தோன்றுவது என்பன அதன் பொருளாகும். இன்று பிளாஸ்ரிக் பைக்கும் கைத்தொலைபேசிக்கும் அடையாக வழங்கும் இச்சொல், ஒருகாலத்தில் மனிதரைச் சிறைப்படுத்திய சமய விவாதமொன்றின் எச்சமாகும்.

'எங்கும்' எனப் பொருள்படும் 'உபீக்குவே' என்னும் இலத்தீன் வினையடையே இதன் வேர். அவ்வேரினின்று பிறந்த 'எங்கும் இருத்தல்' என்னும் பெயர்ச்சொல், 16ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியச் சமயச் சீர்திருத்தவாதிகளைப் பிளவுபடுத்தியது. திருவிருந்தின் அப்பத்திலே கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே உளதா என்பதே வினா. உடல் ஓரிடத்தில் மாத்திரமே இருத்தல் கூடும். அது விண்ணகத்தில் உளது என்றார் சுவிங்கிலி. இறைவனின் வலப்பக்கம் என்பது ஓரிடமன்று, அது எங்கும் உளது என 1527, 1528ஆம் ஆண்டு நூல்களில் வாதிட்டார் மார்ட்டின் லூதர். 1529இல் மார்பேர்க்கில் இருவரும் நேரிற் சந்தித்தனர். 15 உறுப்புரைகளுள் 14இல் உடன்பாடு கண்டும், இவ்வொன்றில் இணங்காது பிரிந்தனர்.

லூதருக்குப்பின் யொகான்னஸ் பிரென்ஸ் முதலியோர் இக்கொள்கையை விரித்துரைத்தனர். எதிரணியினர் அவர்களை 'எங்குமிருப்புவாதிகள்' என்று எள்ளினர். ஆயின் எள்ளலோடு விடயம் அமையவில்லை. 1574இல் சக்சனியின் ஆட்சியாளர் ஓகஸ்ற், திருவிருந்து பற்றிக் கல்வினின் கருத்தை மறைவாக ஏற்றோரெனக் கருதப்பட்டவரை ஒடுக்கினார். மெலாங்தனின் மருமகனும் மருத்துவருமாகிய கஸ்பார் பொய்க்கர் 1586 வரை சிறையிலிருந்தார்.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பெயர்ச்சொல் இறையியல் வழியே ஆங்கிலத்தினுட் புகுந்தது. 19ஆம் நூற்றாண்டிற் பெயரடை பெருவழக்குப் பெற்றபோது விவாதத்தின் வெம்மை தணிந்துவிட்டது. சென்றவிடமெல்லாம் எதிர்ப்படும் மனிதரையும் பொருளையும் சற்றே நகையுடன் சுட்டவும் அது பயன்பட்டது. 1988 அளவில் மார்க் வைசர், கண்ணுக்குப் புலப்படாது சூழலெங்கும் கலந்தியங்கும் கணினிமுறைக்கு அதனையே பெயராக்கினார்.

இவ்வரலாறு மொழிபெயர்ப்போர்க்கும் பயனுடையது. தமிழில் 'எங்கும் நிறைந்த' என்னுந் தொடர் இன்றும் இறைவனுக்கே சிறப்பாக உரியது. ஆங்கிலச் சொல் இழந்த இறைமணத்தைத் தமிழ்த்தொடர் இழந்திலது. ஆதலின் 'எங்கும் நிறைந்த பிளாஸ்ரிக் பை' எனின் கருதாத நகை தோன்றும். 'எங்கணும் காணப்படும்' என்பதே பொருந்தும். பழைய இறையியல் நூலிலோ முன்னைய தொடரே வேண்டப்படும். அகராதி சொல்லின் இன்றைய பொருளைத் தரும். எவ்விடத்து எச்சொல்லை ஆள்வது என்பதை வரலாறே உணர்த்தும்.